பச்சை, செம்மஞ்சள், சிவப்பு

மூன்று கியூட்டெக்ஸ் போத்தல்களும் கணவனின் பயணப் பைக்குள், ஈரத் துவாயில் சுற்றிக் கிடந்தன. பச்சை, செம்மஞ்சள், சிவப்பு. மூன்றும் திறந்து பாவித்தவை.

சிவரூபி தன் நகங்களைப் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவற்றில் ஒரு நாளும் நிறம் ஏறியதில்லை. வாங்கிக் கொடுக்க வேண்டுமென்று ஜெயந்தனுக்குத் தோன்றியதுமில்லை.

மாதக் கடைசி ஞாயிறு என்றால் விடியமுதல் அவன் உருத்திரபுரத்தை விட்டுக் கிளம்பிவிடுவான். ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தெற்கே ஓர் ஓட்டத் திடலுக்குக் கொண்டுபோய், வேண்டிய வேகத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டுப் பின்னேரம் திரும்புவான். இன்றும் அப்படித்தான் போய் வந்திருந்தான். வாறீரோ என்று அவளை ஒரு நாளும் கேட்டதில்லை.

இரண்டு மாதமாக அவன் போனைக் கவிழ்த்து வைக்கிறான். ஏனென்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. போத்தல்களைக் கண்டதும் வந்துவிட்டது.

குசினியில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் முன்னால் மூன்றையும் வரிசையாக வைத்தாள்.

"இது ஆரின்ர?"

"என்ர."

"அப்ப உங்கட நகத்தைக் காட்டுங்கோ பாப்பம்."

சிரித்ததில் அவனுக்குப் புரையேறியது. "கியூட்டெக்ஸ் எண்டே நினைச்சனீர்? இது சில்லுக்குள்ள இருக்கிற பிரேக் தட்டுக்குப் பூசிற பெயின்ற், ரூபி."

"கதை விடாதேங்கோ."

"ஒட்டியிருக்கிறதை வாசியும்."

430, 560, 610. எந்தப் பெண்ணும் நகத்துக்கு இப்படி இலக்கம் பார்த்து வாங்கமாட்டாள்.

"திடலில வளைவுக்கு வளைவு பிரேக் அடிக்கோணும். தட்டு நெருப்பாக் கொதிக்கும். அந்தச் சூட்டில பிரேக் ஒயிலும் கொதிச்சுதெண்டால், எவ்வளவு மிதிச்சாலும் கார் நிக்காது. அதுதான் தட்டின்ர ஓரத்தில மூண்டு கோடு. நானூற்றி முப்பது பாகை வந்தால் பச்சை வெளுக்கும், பிறகு செம்மஞ்சள். சிவப்பும் வெளுத்தால் அண்டைக்கு ஓட்டம் போதும்."

"றோட்டில ஓடினாலும் வெளுக்கும்தானே?"

"சீச்சீ! ஏ9 றோட்டில வருசம் முழுக்க ஓடினாலும் பச்சை அசையாது." தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தான். "நேற்றுத்தான் புதுசாப் பூசினனான். இண்டைக்கு ரெண்டாம் சுத்திலயே பச்சை வெளுத்துப் போட்டுது, தெரியுமே?"

நேற்றுப் பின்னேரம் முன்சில்லுக்குப் பக்கத்தில் அவன் சின்னத் தூரிகையோடு குந்தியிருந்ததை அவளும் கண்டிருந்தாள்.

வெட்கமாக இருந்தது. பையைத் திறந்ததிலிருந்து அவளுக்குள் முகமில்லாத ஒருத்தி பச்சை நகங்களோடு நடமாடிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த ஒருத்தி இருந்த இடம் தெரியவில்லை. போன் கவிழ்ந்து கிடந்தால்தான் என்ன, தூசி படாமல் இருக்கட்டுமே.

"ஒரு போத்தல் தரட்டே, பூசிப் பாக்க?" என்று சீண்டினான் ஜெயந்தன்.

"போய்க் குளியுங்கோ, புழுகர்!"

அவன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். உயிரைப் பணயம் வைக்கிற விளையாட்டு, அதைப் பற்றி இவ்வளவு காலமும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு மனம் கனத்தது. அவனுடைய ஆசையை ஒருக்காலாவது கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

முற்றத்தில் வேப்பமரத்தின் கீழ் கார் நின்றது. சிவரூபி மண்ணில் முழங்காலூன்றி, முன்சில்லின் கம்பிகளுக்கிடையே தெரிந்த தட்டில் போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். பிறகு எழுந்து, சுற்றிப் போய் மற்ற முன்சில்லையும் பார்த்தாள்.

கிணற்றடியிலிருந்து சத்தம் வந்தது. "ரூபி, சவுக்காரத்தை ஒருக்கா எடுத்துத் தாரும்!"

எடுத்துக்கொண்டு போனாள். கண்ணை மூடியபடி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவனின் நீட்டிய கையில் அதை வைத்தாள். விரல்கள் மூடிக்கொள்ளும்வரை பொறுத்திருந்து, மெதுவாகக் கேட்டாள்.

"பச்சை கூட வெளுக்கேல்லை. இண்டைக்கு எங்கையப்பா போனனீங்கள்?"