அழுத்தி எழுதியவர்

தட்டு இன்னும் ஒரு கை தாண்டினால் டாக்டர் வஹ்பாவிடம் போய்விடும். இப்திசாம் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

அலெக்சாந்திரியா கடற்கரைக் காபிக்கடையில் வெள்ளிக்கிழமை மதியம் கூடுகிற மைப்பேனாக்காரர்கள் கூட்டம் அது. கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கிற பேனாவுக்கு அங்கே இடமில்லை. தினமும் எழுதுகிற பேனாவைத்தான் தேநீர்த் தட்டில் வைக்க வேண்டும். தட்டு மேசையைச் சுற்றிவரும். ஒவ்வொரு பேனாவிலும் எல்லாரும் தங்கள் பெயரை எழுதிப் பார்ப்பார்கள்.

இன்றைக்குத் தட்டில் புதுசாகக் கிடந்தது அவள் புருஷன் அனீஸின் கறுப்புப் பேனா.

"கல்யாண நாளுக்கு இவ வாங்கிக் குடுத்தது. ஜெர்மன் சரக்கு! நம்ம டாக்டர் வச்சிருக்காரே, எழுதினா சத்தமே கேக்காதே, அதே ரகம்!"

ஜெர்மனியாவது ஒன்றாவது! போலி. வாங்கும்போதே அவளுக்குத் தெரியும். அசலை வாங்கப் பள்ளிக்கூடத்து டீச்சர் சம்பளம் எங்கே எட்டும்? மனுஷன் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பார் என்று நினைத்துவிட்டாள். அவரோ மறுநாளே மை ஊற்றிவிட்டார். காலையில் சாப்பாட்டு மேசையில் அது 'கிறீச், கிறீச்' என்று காகிதத்தைக் கீறும்போதெல்லாம் அவளுக்குப் பல் கூசும்.

"புதுசுதானே, எழுத எழுதப் பழகிடும்" என்பார் அனீஸ்.

பத்திரிகையில் பிழை திருத்துகிற லூக்கா அதில் எழுதிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"என்னப்பா அனீஸ், பூனை கதவைப் பிறாண்டற மாதிரி இருக்கு?"

"உனக்கு வயித்தெரிச்சல்!"

"எனக்கென்ன எரிச்சல்? டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்."

வஹ்பா பல் டாக்டர். பல் பிடுங்குவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. போலிப் பேனாக்காரர்களின் மானத்தைப் பிடுங்குவதை மட்டும் விடவில்லை. போன மாதம் ஒரு ஸ்டுடியோக்காரரின் பேனாவை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "போலி! இதைக் குடுத்தவங்க உன்னை முட்டாளாக்கிட்டாங்க" என்றார். கொடுத்தது அந்த மனுஷனின் சொந்த மகள். அப்புறம் அவர் கடைப் பக்கமே தலைகாட்டவில்லை.

இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும் அனீஸ்தான்.

"ஏங்க, நேரமாச்சு, கிளம்பலாமே."

"இரு, டாக்டர் வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்."

டாக்டர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு நிப்பைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் தேநீரைத் தொடவில்லை.

பிறகு தலையை நிமிர்த்தினார். அனீஸைப் பார்க்கவில்லை. இப்திசாமின் விரல்களைப் பார்த்தார். அவை கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன.

"நீயாம்மா வாங்கினே?"

"ஆ... ஆமாம்."

"ம்."

நிப்பைக் காகிதத்தில் வைத்தார். அழுத்தினார்.

அந்தக் கூட்டத்தில் அழுத்தி எழுதுவதைப்போலப் பெரும் பாவம் வேறு கிடையாது. சடக்! நிப்பின் இரண்டு முனைகளும் விலகி வாயைத் திறந்துகொண்டன.

"டாக்டரே! என்ன காரியம் பண்ணிட்டீங்க!" நாற்காலி சாய எழுந்தார் அனீஸ்.

"பச்சைப் பிள்ளைகூட இப்படி அழுத்தாதே!" என்றார் லூக்கா. "நல்லவேளை, இந்தக் கைக்கு முன்னாடி நான் வாயைத் திறந்து உட்கார்ந்ததில்லை!"

"கை நடுங்கிடுச்சுப்பா" என்றார் டாக்டர். "அடுத்த வாரம் சரிபண்ணிக் கொண்டாந்துடறேன்."

பேனாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

நடுக்கமாவது! அந்தக் கை கல் மாதிரி இருந்ததை இப்திசாம் கண்ணால் பார்த்தாளே. வீட்டுக்குக் கொண்டுபோய் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, சாட்சியோடு வந்து மானத்தை வாங்கப் போகிறார். பாவி மனுஷன்!

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். பேனா போன துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷன் முகத்தைப் பார்த்ததும் முழுங்கிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. டாக்டர் பேனாவை நீட்டினார்.

"எழுதிப் பாரு."

அனீஸ் எழுதினார். சத்தமே இல்லை. வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஓடியது எழுத்து.

லூக்கா பிடுங்கி எழுதிப் பார்த்தார். "அட! போன வாரம் இதுதானா அப்படிப் பிறாண்டிச்சு?"

"நிப்பு அசல் தங்கம். நான் உத்தரவாதம்" என்றார் டாக்டர்.

"கேட்டுக்கோ லூக்கா, காதைத் திறந்து கேட்டுக்கோ!" அனீஸுக்குத் தலைகால் புரியவில்லை.

இப்திசாமுக்கும் ஒன்றும் புரியவில்லை.

தட்டு கிளம்பியது. டாக்டரின் கறுப்புப் பேனா அனீஸ் கைக்கு வந்தது. எழுதினார்.

கிறீச், கிறீச்.

இப்திசாமுக்குப் பல் கூசியது. சாப்பாட்டு மேசையில் தினமும் கேட்ட சத்தம். அவளுக்கா தெரியாது? கையிலிருந்த தேநீர் தளும்பி மடியில் கொட்டியது.

"ஐயோ டாக்டரே!" அனீஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊர்ப் போலியெல்லாம் கண்டுபிடிக்கற உங்களையே எவனோ ஏமாத்தி, போலி நிப்பைத் தலையில கட்டிட்டானே!"

மேசையே சிரித்தது. டாக்டர் பேனாவை வாங்கி, மூடியைத் திருகிப் பையில் செருகிக்கொண்டார்.

"ஏமாறலைப்பா" என்றார். "தெரிஞ்சேதான் வாங்கிக்கிட்டேன்."