மேடைக்கு ஒரு வரி

"எங்கே, இன்னொரு தடவை சொல்லும்மா. 'எனக்கு இன்னொரு மகன் இருந்தால் அவனையும் போருக்கு அனுப்புவேன்.' ஒரே வரி. இதுக்குப் போய் இவ்வளவு நேரமா?"

நாட்டுப்பற்றாளர் சங்கத்தின் செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில், போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஆளுக்கொரு படம். பேசுவதற்கு ஆளுக்கொரு வரி.

"எனக்கு இன்னொரு மகன்..." முதல் நாற்காலியிலிருந்த தாய் பாதியிலேயே நிறுத்தினாள். "வேற ஏதாச்சும் குடுப்பா. இது வாயில வரமாட்டேங்குது."

"வேற எல்லாம் குடுத்தாச்சே! 'நான் அழமாட்டேன்' அவங்களுக்கு."

பக்கத்து நாற்காலியிலிருந்த தையல்காரம்மா, முந்தானை நனைய அழுதுகொண்டே தலையாட்டினாள்.

"நாங்க ரெண்டு பேரும் மாத்திக்கிறோமே?"

"ஐயோ, வேற வினையே வேண்டாம்! எந்த வரிக்குக் கண்ணைத் துடைக்கணும், எந்த வரிக்கு எழுந்து நிக்கணும்னு அமைச்சர்கிட்ட பேசி வச்சாச்சு. உன் வரிக்குத்தான் எழுந்து நிக்கிறார். நீ சொதப்பினா என் பதவி போச்சு."

"சொன்னது பலிச்சிட்டா என்ன பண்றது?"

"மேடைப் பேச்சும்மா இது. இதைக் கேட்டு யாராவது போருக்குப் போவாங்களா?"

"என் புள்ள போனானே. உன் பேச்சைக் கேட்டுத்தானே போனான்?"

செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், அவர் பேச்சு அப்படி. கேட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆள் எடுக்க வரும் நாளில் அவருக்கு மட்டும் முதுகு வலிக்கும்.

அதற்குள் அவளை மேடைக்கு அழைத்துவிட்டார்கள்.

"எனக்கு இன்னொரு மகன்..." என்று தொடங்கியவள், அதற்கு மேல் வராமல் நின்றுவிட்டாள்.

அமைச்சரோ அவசரப்பட்டு எழுந்தே விட்டார். "என்ன, இன்னொரு மகனா! எங்கே தாயே அந்தச் சிங்கம்? ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற வண்டி வாசல்லயே நிக்குது. இப்பவே ஏத்தி அனுப்பிடுவோம்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. "எங்கே? எங்கே?" என்று ஆளாளுக்குக் கழுத்தை நீட்டித் தேடினார்கள். மேடையோரத் திரை லேசாக ஆடியது.

அந்தத் தாய் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைங்க ஐயா. எனக்கு இருந்தது ஒரே புள்ள. அவனைத்தான் அனுப்பிட்டேனே."

அமைச்சர் ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார். அடுத்து வந்த தையல்காரம்மா, அழமாட்டேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கைத்தட்டல் என்றால் அப்படியொரு கைத்தட்டல்.

எல்லோரும் கலைந்து போனார்கள். அந்தத் தாய் மட்டும் மெல்ல நடந்து திரையருகே போனாள்.

"வண்டி போயிடுச்சு, வெளியே வாடா பெரியவனே. உன் தம்பி ஒருத்தன் போனது போதும் எனக்கு."