கூப்பிடு தூரம்

மூன்று உயிரில் இரண்டைக் கேட்டான் குகை வியாபாரி.

ஒரே ஒரு விளக்குக்கு.

அவள் கட்டைவிரல் பொத்தான்மேலேயே நின்றது. உள்ளங்கை அகலத் திரை. பழைய காலத்து வீடியோ கேம் மாதிரி கட்டம் கட்டமாய் ஒரு குட்டி உருவம். கீழே, கன்னங்கரேலென்று, இன்னும் இறங்காத சுரங்கம்.

படபடப்பு வந்தால் விளையாடு என்று நவநீதன் கொடுத்தது.

காருக்குள் அவள். எதிரே, கோயம்புத்தூர் வெயிலில், நவநீதன் வீடு. உள்ளே அவள் அப்பாவும் அவன் அப்பாவும். இந்தக் கல்யாணப் பேச்சுக்கு அப்பாவைக் கிளப்பிக்கொண்டு வரவே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பேசி முடிக்கும்வரை பெண் அந்த வாசற்படியை மிதிக்கக் கூடாதாம். அதனால் கார்.

ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"எங்க பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை ஊர்லதாங்க."

"விருதுநகரே என் சொந்தக்காரன்தான், சார். அத்தனை பேரையும் லாரியிலயா ஏத்திட்டு வர?" அப்பாவின் குரல்.

விளக்குக்கு இரண்டு உயிரா? பகல் கொள்ளை.

அவள் வத்தல் மண்டிக்காரர் மகள். சொன்ன விலைக்கு வாங்கினால் சோறு இறங்காத வம்சம். முகத்தைச் சுளிக்க வேண்டும். நடையைக் கட்ட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏழாவது அடியில் கடைக்காரன் கூப்பிடுவான்.

நடந்தாள். குட்டி உருவம் ஒரு பாறையைத் தாண்டியது. இன்னொன்றை.

யாரும் கூப்பிடவில்லை.

திரும்பி ஓடினாள். வியாபாரி இல்லை. அவன் முக்காலி மட்டும் கிடந்தது.



வீட்டுக்குள் நாற்காலி நகர்ந்தது.

அப்பா எழுந்துவிட்டார்.

அந்த எழுந்திருத்தல் அவளுக்குத் தெரியும். எத்தனையோ கல்லுளிமங்கன்களைப் படியவைத்தது அது.

ஆனால் நவநீதனின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கீரைக்காரி சொன்ன விலையைக் கொடுத்து நன்றியும் சொல்கிறவர். எழுந்தவர் போகிறார் என்றுதான் அவருக்குத் தெரியும்.

அப்பா செருப்பு மாட்டினார். எந்தச் செருப்புக்கும் அவ்வளவு நேரம் தேவையில்லை.

தலைமையாசிரியர் பின்னாலேயே வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. மரியாதையாகக் கேட்டைத் திறந்துவிட்டார்.

நவநீதன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்பா நடந்தார். ஏழாவது அடி போனது. எட்டு. ஒன்பது.

கார் கதவில் கைவைத்து நின்றார். திறக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாது. அவரே போட்ட சட்டம்.

அவள் மடியில் தண்ணீர் பாட்டில் இருந்தது. முக்கால்வாசி நிறைந்திருந்தது.

சீட்டுக்கு அடியில் தள்ளினாள். மறுபக்கமாக இறங்கினாள்.

"மாமா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

தலைமையாசிரியர் பதறிப்போனார்.

"அடடா, இத்தனை நேரம் வெயில்லயா இருந்தே? உள்ள வாம்மா."

அவள் கேட்டைத் தாண்டினாள். படியில் கால் வைத்தாள். காதை மட்டும் பின்னால், தெருவில், அப்பாவின் செருப்பு திரும்புகிறதா என்று கேட்க விட்டுவிட்டு.