அண்ணன் சொன்ன அர்த்தம்

பத்திரப் பதிவு அலுவலகப் பெஞ்சில் அண்ணனும் தங்கையும் காத்திருந்தார்கள். அண்ணன் இருபது வருடமாக ஆங்கில வாத்தியார். தங்கை எட்டாவதோடு படிப்பை விட்ட தையல்காரி.

"இந்த 'ரிலிங்க்விஷ்'னா என்னண்ணா? பக்கத்துக்குப் பக்கம் வருதே?"

"அது ஒரு வினைச்சொல். ஏத்துக்கறதுன்னு அர்த்தம். 'ஐ ரிலிங்க்விஷ் மை ஷேர்'னா, என் பங்கை நான் ஏத்துக்கறேன். அப்பா வீட்டுல பாதி உனக்குன்னு எழுதியிருக்கு."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். பதிவாளர் பத்திரத்தைப் புரட்டினார்.

"ஏம்மா, உங்க பங்கு மொத்தத்தையும் அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கறதா இருக்கே. தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

அண்ணன் சட்டென்று தங்கையைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குட்டு உடைந்துவிடும்.

"தெரியும் சார். அண்ணன்தான் வரிக்கு வரி அர்த்தம் சொன்னார்" என்று குரல் பிசிறாமல் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

வாசலுக்கு வந்ததும் அவர் திணறினார். "உனக்கு... எப்படித் தெரியும்?"

"நீங்க பத்திர நகல் அனுப்பின அன்னைக்கே என் பொண்ணு அர்த்தம் பார்த்துச் சொல்லிட்டா. நீங்களே பங்கை வாய்விட்டுக் கேப்பீங்கன்னுதான் பெஞ்சுல அர்த்தம் கேட்டேன். கேட்டிருந்தா சந்தோஷமா குடுத்திருப்பேன்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்ட?"

"வீட்டை விட்டுக்கொடுத்துடலாம்ணா. நாலு பேர் முன்னால கூடப்பிறந்தவரை விட்டுக்கொடுக்க முடியலை."

அவர் விறுவிறுவென்று உள்ளே திரும்பிப் போனார்.

"சார், அந்தப் பத்திரத்தை நிறுத்துங்க. என் தங்கச்சிக்கு நான் பொய் அர்த்தம் சொல்லிட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.