டாக்டருக்கு மட்டும் பன் இல்லை

பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் செஃபினா எல்லோருக்கும் தேங்காய்ப்பால் பன் கொடுத்தாள். நர்சுக்கு, தரை துடைப்பவருக்கு, பக்கத்து நாற்காலியில் இருந்த, அதே சிகிச்சைக்கு வந்த காலினுக்கு.

டாக்டர் ஹார்கோர்ட் வந்ததும் பன் வைத்திருந்த பழைய ஐஸ்கிரீம் டப்பாவை மூடிவிட்டாள். யார் வந்தாலும் பகிர்ந்து சாப்பிடும் சமோவா தீவுக்காரி ஒருத்தி சாப்பாட்டை மறைத்தால், அது சாதாரணக் கோபம் இல்லை.

அவள் கணவன் ஃபெட்டுவுக்கு ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு என்றோ பார்வை போய், வலி மட்டும் மிஞ்சிய கண். மூன்று வாரம் முன்பு அதை எடுத்துவிட்டு, குழியில் ஓர் உருண்டையை வைத்தார்கள். சதையும் ரத்தக் குழாயும் அதற்குள் வளர்ந்து பிடித்தால்தான் நிலைக்கும். இல்லாவிட்டால் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

அப்படி வளரத் தூண்டும் மருந்தில் ஊறவைத்த உருண்டை காலினுக்கு. ஃபெட்டுவுக்கு வெறும் உருண்டை.

தினமும் கண் கட்டைப் பிரிக்கும்போது உருண்டை பிதுங்குகிறதா என்று செஃபினா குனிந்து பார்ப்பாள். அந்த மருந்தையே ஊசியாகவும் போடலாமாமே என்று ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொரு முறையும் கேட்டாள். இப்போது வேண்டாம் என்பார் டாக்டர், அவ்வளவுதான்.

இன்று பொறுமை போய்விட்டது.

"காலினுக்கு ஒரு நியாயம், லாரி ஓட்டுற எங்க ஆளுக்கு ஒரு நியாயமா, டாக்டர்?"

அவர் முகம் சிவந்தது. ஃபெட்டுவை ஒரு பார்வை பார்த்தார். "காரணத்தை நான் சொல்ல முடியாது, செஃபினா."

"எப்படிச் சொல்வீங்க? மறுபடி அறுபடப் போறது உங்க மூஞ்சி இல்லையே."

டாக்டர் ஒரு கவரை ஃபெட்டுவிடம் நீட்டினார். அவன் அங்கேயே அதைப் பிரித்தான். படித்து முடித்ததும் மிச்சமிருந்த ஒற்றைக் கண் நிறைந்து வழிந்தது.

செஃபினா பயந்து போனாள். "என்ன ஃபெட்டு, என்ன போட்டிருக்கு?"

"கண்ணை எடுக்கும்போதே உள்ள ஒரு கட்டி தெரிஞ்சுது. புற்றுநோயா இருந்தா, இந்த மருந்து அதையும் சேர்த்து வளர்த்துடுமாம். அதான் போடலை. இப்ப புற்றுநோய் இல்லைன்னு சோதனை முடிவு வந்துடுச்சு."

"நாளைக்கே ஊசி போட்டுடலாம்," என்றார் டாக்டர்.

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

"நீ தாங்க மாட்டேன்னு, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். மூணு வாரமா அவர் வாங்கினது எனக்கு வர வேண்டிய திட்டு. டப்பாவைத் திற, முதல்ல அவருக்குக் கொடு."