தெற்கே போகாத படகு

"கப்பலைக் குடுத்தவனுங்க டீசலையும் சேர்த்துக் குடுத்திருக்கலாம்ல கேப்டன்?" என்றான் மெக்கானிக் ஃபினியாசி, காலி பீப்பாயை எட்டி உதைத்தபடி.

கேப்டன் கலாஃபி சிரித்தான். "இருக்கிறது ஒரு ரோந்துக்குத் தாங்கும், போதும். இன்னிக்குச் சாயந்தரம் தெற்குப் பாறைக்குப் போறோம். கடல் அட்டை திருடுறவனுங்க அமாவாசைக்குத்தான் வருவானுங்க."

வெளிநாடு ஒன்று இனாமாகக் கொடுத்த ரோந்துப் படகு அது. தீவின் குட்டிக் கடற்படைக்கு அதை விட்டால் வேறு கதியில்லை. கொடுத்த அன்று வாத்தியம், பன்றி விருந்து, கைகுலுக்கல் என்று அமர்க்களப்பட்டது. டீசல் மட்டும் தீவின் பாடு. அடுத்த எண்ணெய்க் கப்பல் வர இன்னும் ஒரு மாதம் ஆகும்.

இதுவரை அந்தப் படகு ஒரு திருடனையும் பிடிக்கவில்லை. சந்தையில் கிழங்கு விற்கிறவர்கள்கூட கலாஃபியைப் பார்த்தால் நமுட்டுச் சிரிப்பு சிரித்தார்கள். இந்த அமாவாசையை அவன் அவ்வளவு நம்பியிருந்தான்.

அப்போதுதான் அவனுடைய அக்கா லோசலினி படகுத்துறைக்கு வந்தாள். வந்தவள் தம்பியைப் பார்க்காமல், கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். வளர்ந்த அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவது அந்தத் தீவில் மரியாதை இல்லை.

"ஃபினியாசி, உங்க கேப்டன்கிட்ட சொல்லுப்பா. எங்க வீட்டுக்காரர் மொசெசே நேத்து வடக்கே மீன் பிடிக்கப் போனவர், இன்னும் வரல."

"கேப்டன், அக்கா வீட்டுக்காரர் வடக்கே..."

"கேட்டுச்சு. மத்த படகுங்க போய்ப் பார்த்துச்சான்னு கேளு."

"சின்னப் படகுங்க அவ்வளவு தூரம் போகாதுன்னு சொல்லு. அவன் போனா அரைகுறையாத் தேடிட்டுத் திரும்பிட வேண்டாம்னும் சொல்லு," என்றாள் அவள், கடலைப் பார்த்தபடியே.

ஃபினியாசி கேப்டனின் காதோரம் வந்தான். "வடக்கே போனா தெற்கே போக டீசல் இருக்காது. வேற வழி பார்க்கலாம்னு அக்காகிட்ட சொல்லிப் பாருங்களேன்."

"அக்காகிட்டயா? நீ என்ன வேற ஊர்லயா பொறந்தே?"

ராஜாவிடம் முடியாது என்று சொன்னவனைக்கூட இந்தத் தீவு மன்னித்திருக்கிறது. அக்காவிடம் சொன்னவனை மன்னித்ததில்லை. கலாஃபி கயிற்றை அவிழ்க்கச் சொன்னான்.

இரவெல்லாம், மறுநாளெல்லாம் தேடினார்கள். மிதந்து வந்த ஒவ்வொரு கட்டையும் மனிதத் தலையாகத் தெரிந்தது. சின்ன வயதில் தனக்குத் தூண்டில் கட்டித் தந்த அத்தானை நினைத்து நினைத்து, கலாஃபி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டீசல் அடிமட்டத்துக்கு வந்த பிறகுதான் திரும்பினார்கள்.

துறையில் மீனவர்கள் கூடி நின்றார்கள்.

"உல்லாசப் பயணம் நல்லபடியா முடிஞ்சுதா கேப்டன்?" என்றான் ஒருவன். "நேத்து ராத்திரி தெற்குப் பாறையில ரெண்டு வெளிநாட்டுப் படகு. அட்டையை வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டானுங்க. ஒண்ணுகூட மிச்சமில்ல."

"அந்தப் பாறை இடுக்குல நம்ம ஆளுங்களே தடவித்தான் போவோம். அவனுங்க எப்படித்தான் நுழைஞ்சானுங்களோ," என்றான் இன்னொருவன்.

கலாஃபிக்கு அட்டை போனது வயிற்றெரிச்சல்தான். ஆனால் அக்காவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

துக்கத்துக்குக் கட்டும் கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். முற்றத்திலேயே நின்று, தலையைக் குனிந்துகொண்டான். இன்று நடுவில் பேச ஃபினியாசி இல்லை.

"அக்கா... வடக்கு முழுக்கத் தேடிட்டேன். கிடைக்கல. என்னை மன்னிச்சிடுங்க." சொல்லும்போதே அழுதுவிட்டான்.

லோசலினி வாசலுக்கு வந்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தம்பியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். அவள் கண்களும் அழுது வீங்கியிருந்தன.

"ஒரே ஒரு தடவை எங்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?"

அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், மொசெசே சப்பணமிட்டு உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருந்தான். மனைவியை விட்டு ரோந்துப் படகை வடக்கே அனுப்பவைத்து, திருட்டுப் படகுகளுக்குத் தெற்குப் பாறையில் வழிகாட்டிவிட்டு, அன்று காலையில்தான் அவன் யாருக்கும் தெரியாமல் வீடு திரும்பியிருந்தான்.