காதைக் கிழிக்கும் குழாய்

"சத்தம் கம்மியானது வேணுமா, காதைக் கிழிக்கிறது வேணுமா?" என்று கேட்டார் ரேஸ் போட் மெக்கானிக்.

மேஜை மேல் இரண்டு ஜோடி எக்ஸாஸ்ட் ஹெடர்கள், இன்ஜின் புகையை வெளியேற்றும் குழாய்கள். ஒன்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும். சூடும் சத்தமும் அடங்கிவிடும். இன்னொன்று வெறும் ஸ்டீல் குழாய். எடை குறைவு, வேகம் அதிகம். பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

"காதைக் கிழிக்கிறதே குடுங்க," என்றான் வீட்டோடு மாப்பிள்ளை.

வீட்டில் மாமனார். வேலை பார்க்கும் கடையில் முதலாளியும் அதே மாமனார். போதாக்குறைக்குப் படகிலும் பக்கத்து சீட்டில் அவரேதான். 'மெதுவா திருப்புங்க, மாப்பிள்ளை. அலையைப் பாருங்க, மாப்பிள்ளை.' ஞாயிற்றுக்கிழமையாவது அந்தக் குரல் காதில் விழக் கூடாது. அதற்கு இந்தக் குழாயை விட்டால் வேறு கதியில்லை.

கூடவே வந்திருந்த மாமனார் குழாயைத் தட்டிப் பார்த்தார். "ரொம்பச் சத்தம் போடுமோ?"

மாப்பிள்ளை முந்திக்கொண்டான். "வேகம் பிச்சுக்கும், மாமா!"

"அப்போ இதையே மாட்டுங்க."

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. எமகாதகர், இவ்வளவு சுலபமாகவா சம்மதித்தார்!

"பழைய குழாய்க்கே நான் சொல்றதுல பாதி உங்க காதுல ஏறலை. இதுல சுத்தம்!" என்ற மாமனார், மைக் வைத்த ஹெட்செட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அவன் தலையில் மாட்டிப் பட்டையை இறுக்கினார். "அதான் ஆளுக்கு ஒண்ணா இதை வாங்கிட்டேன். இனி ஒரு வார்த்தை தப்பாது."

ஹெட்செட் கரகரத்தது. வெளியே காரில் உட்கார்ந்திருந்த மாமியாரின் குரல் காதுக்குள் கணீரென்று ஒலித்தது.

"மாப்பிள்ளை, கேக்குதா? கரையில இருந்தே நானும் பேசலாமாம்!"